விளையாட்டூர் சமைத்த வால்ட் டிஸ்னி

செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்துள்ள சீயமங்கலம் என்னும் சிற்றூரில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தான். லளிதாங்குரன் என்னும் தன் விருதுப் பெயரையும், அவனிபாஜன பல்லவேசுவரம் என்னும் கோயிற் பெயரையும் ஆங்கே கல்லிற் பொறித்து வைத்தான். அக்குடைவரையையும் செஞ்சிக் கோட்டையையும் காண, விடுமுறை நாட்களில் கட்டுச்சோற்றுடன் குடும்பம் குடும்பமாக மக்கள் வருதலை நாம் பார்த்திருக்கிறோம். பிள்ளைகள் இராஜகிரியின் படிகளில் ஏறி ஓடுவர். பெற்றோர் கலியாண மகாலின் நிழலிலமர்ந்து மூட்டைகளைக் காத்திருப்பர். பிள்ளைகளுக்கு விளையாட்டு, பெரியோர்க்குக் காவல் என்பதே குடும்ப உல்லாசப் பயணத்தின் பொது விதியாக இருந்து வருகிறது. இவ்விதி அயல் நாட்டிலும் உண்டு. அதனை மாற்ற எண்ணித் தம் கைப்பொருளையெல்லாம் பணயம் வைத்த ஒருவரின் சரித்திரத்தை நம் கல்லூரி அன்பர்களுக்குச் சுருங்கக் கூறுவோம். அவரே வால்ட் டிஸ்னி. அவர்தம் சித்திரப் படங்களை அறியாதார் அரியர். ஆயினும், குடும்பங்கள் பல நாள் தங்கி மகிழ்தற்குரிய விளையாட்டூர் ஒன்றை அவர் ஏன் கருதினார், யார் அதனை முடித்தார் என்பவற்றை அறிந்தார் சிலரே.

வால்ட் டிஸ்னி 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிக்காகோ நகரிற் பிறந்தார். தந்தையார் எலையஸ், தாயார் புளோரா. ஆண்மக்கள் நால்வருள் வால்ட் இளையவர். அவருக்குப் பின் ஒரு தங்கை. எலையஸ் 1893-ஆம் ஆண்டு சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் தச்சராக வேலை செய்தவர். 1906-இல் குடும்பம் மிசூரி மாகாணத்து மார்சலின் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்து உழவு செய்யலாயிற்று. அவ்வூரின் கடைவீதியும் புகைவண்டியும் பிள்ளையின் மனத்திற் பசுமரத்தாணி போற் பதிந்தன. ஆயின் உழவு கைகொடுக்கவில்லை. 1911-இல் கான்ஸாஸ் நகரஞ் சென்ற தந்தையார் பத்திரிகை விநியோகிக்கும் தொழிலை மேற்கொண்டார். சிறுவன் வால்ட் அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்து, பனி கொட்டும் மாதங்களிலும் வீடுவீடாகப் பத்திரிகை போட்டுவிட்டுப் பின்னரே பள்ளி செல்வான். அவ்வேலைக்குத் தந்தை அவனுக்குக் கூலி கொடுத்ததில்லை. அந்நகரில் எலெக்ட்ரிக் பார்க் என்னும் கேளிக்கைப் பூங்கா ஒன்று இருந்தது. பல்லாயிரம் மின்விளக்குகள் எரிந்த அப்பூங்காவுக்கருகே, விளையாட நேரமின்றி அப்பிள்ளை வளர்ந்தான்.

முதல் உலகப் போர் முடிந்தவுடன், 1918-இன் இறுதியில், வால்ட் செஞ்சிலுவைச் சங்கத்து வண்டியோட்டியாகப் பிரான்சு சென்றார். திரும்பி வந்து கான்ஸாஸ் நகரிற் சித்திரப் படக் கம்பெனி ஒன்று தொடங்கினார். 1923-இல் அது முறிந்தது. கலிபோர்னியா சென்று, தம்மினும் எட்டாண்டு மூத்த தமையனார் ராயுடன் கூடி அவ்வாண்டு அக்டோபரில் மீண்டும் தொழில் தொடங்கினார். தம்பி கனவு காண்பார். தமையன் கணக்குப் பார்ப்பார். 1925-இல் லிலியன் என்னும் நங்கையை வால்ட் மணந்தார். 1928-இல் தாம் வரைந்து புகழ்பெறச் செய்த முயற்குட்டி ஆஸ்வால்டின் உரிமையையும் தம் ஓவியர் பலரையும் விநியோகஸ்தரிடம் இழந்தார். அவ்விழப்பின் பின்னரே மிக்கி என்னும் எலி பிறந்தது. அவ்வாண்டு நவம்பர் 18-இல் ஒலியுடன் திரைக்கு வந்தது. 1937-இல் வெளிவந்த ஸ்நோ ஒயிட் என்னும் முழுநீளச் சித்திரப் படத்தால் செல்வமும் குவிந்தது. அச்செல்வத்தைக் கொண்டு சகோதரர் இருவரும் பெற்றோர்க்கு ஒரு புதுவீடு வாங்கித் தந்தனர். 1938 நவம்பரில் அவ்வீட்டின் வெப்ப அடுப்புக் கோளாற்றால் நச்சுப்புகை பரவித் தாயார் உயிர் நீத்தார். வால்ட் அத்துயரைப் பற்றிப் பின்னாளிற் பேசவும் விரும்பியதில்லை என்பர்.

அவர் குறையற்ற மனிதர் அல்லர். வேலை வாங்குவதிற் கடுமை மிக்கவர். 1941-இல் அவருடைய ஓவியர் பலர் வேலைநிறுத்தஞ் செய்தனர்; அதனால் உண்டான மனக்கசப்பு எளிதில் தீரவில்லை. ஆயினும் வீட்டில் அவர் அன்பு மிக்க தந்தை. டயான், ஷேரன் என்னும் பெண்மக்கள் இருவரையும் சனிக்கிழமைதோறும் வெளியே அழைத்துச் செல்வார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து கிரிபித் பூங்காவிலே பிள்ளைகள் குடைராட்டினக் குதிரைகளிற் சுற்றுவர். அவர் விசிப்பலகையில் அமர்ந்து வேர்க்கடலை கொறித்துக் காத்திருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே களிக்கத் தக்க இடம் ஒன்று இருத்தல் வேண்டாவோ என்னும் வினா ஆங்கேதான் அவருள்ளத்தில் எழுந்தது. சிறுவயதில் விளையாட்டை இழந்தவர்க்கே அவ்வினா தோன்றியதென்பது சிந்திக்கத் தக்கது.

அக்காலத்துக் கேளிக்கைப் பூங்காக்கள் பல அழுக்கடைந்து, குடும்பத்தார் அஞ்சி ஒதுங்கும் நிலையில் இருந்தன. டென்மார்க்கின் தலைநகரில் 1843 முதல் நடந்துவரும் டிவோலித் தோட்டத்தை 1951-இற் கண்டு, தூய்மையும் ஒழுங்கும் கூடுமென வால்ட் தெளிந்தார். ஆனால் பணம் கொடுப்பார் இலர். தமையனாரும் முதலில் தயங்கினார். எனவே தம் ஆயுள் இன்ஷூரன்ஸின் பேரிற் கடன் வாங்கினார். பாம் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் தம் குடும்பம் விடுமுறைக்குச் சென்று தங்கும் வீட்டையும் விற்றார். பிறர் குடும்பங்களின் விடுமுறைக்காகத் தம் குடும்பத்தின் விடுமுறை வீட்டை விற்றவர் இவர். பின்னர் ஏ.பி.சி. என்னும் தொலைக்காட்சி நிறுவனம் முதலீடும் கடனுக்கு ஜாமீனும் தந்தது. 1954 ஜூலையில் அனஹைம் என்னுமிடத்து ஆரஞ்சுத் தோப்புகளாகிய 160 ஏக்கரில் வேலை தொடங்கிற்று. ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் ஓராண்டுக்குள் டிஸ்னிலாந்து எழுந்தது. அதன் வாயிலைக் கடந்ததும் காணும் கடைவீதி, மார்சலின் வீதியின் நினைவே ஆகும்.

1955 ஜூலை 17-ஆம் நாள் திறப்பு விழாவிற் குழப்பமே மிகுந்தது. போலிச் சீட்டுகளுடன் கூட்டம் புகுந்தது. வெயிலில் புதுத் தாரிளகி மாதரின் உயர்குதிச் செருப்புகள் புதைந்தன; குடிநீர்க் குழாய்கள் பலவற்றில் நீரில்லை. பிறர் சோர்ந்திருப்பர்; வால்ட் குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார். ஏழு வாரத்துக்குள் 10 லட்சம் பேர் வந்து போயினர். அப்போது நுழைவுக் கட்டணம் பெரியவர்க்கு 1 டாலர், சிறுவர்க்கு அரை டாலர். விளையாட்டுகளுக்குத் தனிச் சீட்டு.

தொலைவிலிருந்து வரும் குடும்பங்கட்குத் தங்குமிடம் வேண்டியதாயிற்று. ஆகவே பூங்காவின் மதிலைச் சுற்றிப் பிறருடைய விடுதிகளும் கடைகளும் ஒழுங்கின்றி முளைத்தன. உள்ளே தாம் சமைத்த அழகு வெளியே கெடுவதை வால்ட் விரும்பவில்லை. பூங்காவோடு விடுதியும் ஏரியும் காடும் சேர்ந்த ஓரூரையே அமைக்கத் துணிந்தார். விலை ஏறாதிருக்கும்படி வேறு கம்பெனிப் பெயர்களால் புளோரிடாவில் ஏறக்குறைய 27,000 ஏக்கர் சதுப்பு நிலமும் காடும் வாங்கி, 1965 நவம்பரில் திட்டத்தை வெளியிட்டார். ஆங்கே மக்கள் குடியிருக்கும் புதுமை நகரம் ஒன்றும் எழவேண்டும் என்பது அவர் பேரவா. ஆயின் காலன் காத்திருக்கவில்லை. நெடுங்காலம் புகைபிடித்து வந்த அவருக்கு நுரையீரலிற் புற்றுநோய் கண்டது. 65-ஆம் பிறந்த நாள் கழிந்த பத்தாம் நாள், 1966 டிசம்பர் 15-இல், அவர் மறைந்தார். புளோரிடாவில் அன்று ஒரு சுவர்கூட எழும்பியிருக்கவில்லை.

ஓய்வு பெற எண்ணியிருந்த தமையனார் ராய், 73 வயதில் அப்பாரத்தைத் தம் தோளில் ஏற்றார். கடன்சுமை நேராதபடி பணந் திரட்டிக் கட்டுவித்தார். பூங்காவும், ஏரிக்கரையில் இரு விடுதிகளும், ஒரு விடுதியின் நடுவே புகுந்து செல்லும் ஒற்றைத் தண்டவாள ரயிலுமாக அவ்வூர் 1971 அக்டோபர் 1-இல் திறக்கப்பட்டது. டிஸ்னி உலகம் என்று மட்டும் வழங்கினால் கம்பெனியின் பெயராகிவிடும். இது தம்பியின் கனவென உலகம் அறிதல் வேண்டுமெனக் கருதி, வால்ட் டிஸ்னி உலகம் என முழுப்பெயரையே ராய் நிலைநிறுத்தினார். பல்லவ வேந்தன் தன் பெயரைத் தானே கல்லிற் பொறித்தான். இங்கோ மூத்தவர் இளையவர் பெயரைப் பொறித்துத் தாம் விலகி நின்றார். திறப்பு விழா நடந்து மூன்று திங்கள் நிறையுமுன், டிசம்பர் 20-இல் ராயும் காலமானார். வால்ட் எண்ணிய குடியிருப்பு நகரம் மட்டும் எழவில்லை. அதன் பெயர் தாங்கிய எப்காட் என்னும் பூங்கா 1982-இல் திறக்கப்பட்டது.

இன்று அவ்வூரில் நான்கு பெரும் பூங்காக்களும் பல விடுதிகளும் உள. ஒரு டாலருக்கு நுழைந்த காலம் போயிற்று. ஆங்கே ஒரு வாரம் தங்குதல் நடுத்தரக் குடும்பத்தார்க்குப் பெருஞ்செலவாகிவிட்டது. எல்லாக் குடும்பத்தார்க்கும் என எண்ணப்பட்ட ஒன்று எளியோர்க்கு எட்டாதது ஆனமை வருந்தத் தக்கதே. எனினும் விசிப்பலகையில் அமர்ந்து அத்தந்தை எழுப்பிய வினாவுக்கு விடை கூற டாலர் வேண்டுவதில்லை. வருகிற விடுமுறையில் நம் தம்பி தங்கையர் மலையேற அழைக்கும்போது, மூட்டையைக் காக்கும் வேலையை முறைவைத்துக்கொண்டு, தாய் தந்தையரையும் கைப்பிடித்து நாலு படி ஏற்றிவைப்போமாக.