ஐடா அம்மையாரும் என் நண்பரின் கேள்வியும்

செவிலியர் வேலைக்கு முதுநிலைப் பட்டம் எதற்கு? பெங்களூரில் எங்கள் விடுதி நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். அவர் தங்கை மேலே படிக்க ஆசைப்படுகிறாள், வீட்டில் சம்மதமில்லை. நான் வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையைச் சொன்னேன்.

1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்தபின், நோயுற்ற தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்தார். இங்கே தங்கும் எண்ணமே அவருக்கில்லை. ஓர் இரவு, பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவியருக்காக மூன்று கணவன்மார், ஒருவர்பின் ஒருவராக, வாசலில் வந்து நின்றனர். தந்தை ஸ்கடர் மருத்துவர்தாம். ஆனால் ஆடவர் தொடலாகாதாம்! ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர்.

மருத்துவம் கற்று 1900-இல் திரும்பினார். மருத்துவமனை எழுந்தது. ஆனால் ஒரு டாக்டர் எத்தனை கட்டிலருகே நிற்க முடியும், தோழர்களே? இரவெல்லாம் விழித்திருப்பவள் செவிலியல்லவா? வேலூரில் மருத்துவப் பள்ளி வந்தது 1918-இல். செவிலியர் பள்ளியோ 1909-லேயே வந்துவிட்டது! இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். 1946-இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியர் பட்டப் படிப்பு தொடங்கியது. 1959-இல் தில்லியில் முதுநிலையும் வந்தது. மறு ஆண்டு அம்மையார் மறைந்தார்.

சிக்கலற்ற பிரசவத்தைத் தாமே பார்க்கவல்ல செவிலியரை 18 மாதப் பயிற்சியில் உருவாக்க, 2018-இல் நம் அரசு நெறிமுறை வகுத்தது. அன்று திண்டிவனத்தில் அப்படி ஒருத்தி இருந்திருந்தால்!

நண்பர் இன்னும் தலையசைக்கவில்லை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்று மட்டும் விசாரித்தார்.