ஜார்ஜ் டாக்கபெரி

ஜார்ஜ் டாக்கபெரி (1874 – 1937) கனடாவின் மனிட்டோபா மாகாணத்தில் வாழ்ந்த காலணிக் கைவினைஞர் ஆவார். பனி ஹாக்கி (பனிவளைதடியாட்டம்) ஆடுவோரின் காலுக்கு இறுகப் பொருந்துவதும் ஈரத்தால் எளிதில் தளராததுமான சறுக்குக் காலணியைக் கங்காருத் தோலினால் செய்தமைக்காக இவர் அறியப்படுகிறார். இவ்விளையாட்டில் புகழ்பெற்ற டாக்ஸ் என்னும் காலணிப் பெயர் இவரது குடும்பப் பெயரின் சுருக்கமே ஆகும்.

பிறப்பும் தொழிலும்

டாக்கபெரி ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள டிரெஸ்டன் என்னும் ஊரில் 1874 ஆம் ஆண்டு பிறந்தார். பின்னர் மேற்கே குடிபெயர்ந்து, மனிட்டோபாவின் பிராண்டன் நகரில் காலணி செய்யும் தொழிலை நடத்தினார். பிராண்டன் கோதுமை வயல்கள் சூழ்ந்த சமவெளி நகரம் ஆகும். அங்கு குளிர்காலம் நீண்டது, கடுமையானது. நீர்நிலைகள் பல மாதங்கள் உறைந்து கிடக்கும். ஆகவே பனி ஹாக்கி அப்பகுதியில் ஆழமாக வேரூன்றியிருந்தது.

அக்காலச் சறுக்குக் காலணிகள்

19 ஆம் நூற்றாண்டில் பனியில் சறுக்குவோர், தாம் அன்றாடம் அணியும் காலணியின் அடியில் எஃகு அலகை வாரால் கட்டிக்கொண்டனர். 1860களில் நோவா ஸ்கோசியாவின் டார்ட்மத் நகரிலிருந்த ஸ்டார் நிறுவனம், நெம்புகோலின் உதவியால் காலணியைக் கவ்விக்கொள்ளும் அலகுகளை உருவாக்கியது. ஆட்டத்தின் வேகம் கூடக்கூட, அலகை நிலையாகப் பொருத்திய தனிக் காலணிகள் வழக்கத்துக்கு வந்தன.

எனினும் குறை முற்றிலும் நீங்கவில்லை. உருகிய பனியும் வியர்வையும் தோலை நனைத்தன. நனைந்த தோல், ஆட்டக்காரர் திரும்பும்போதும் நிற்கும்போதும் ஏற்படும் இழுவையால் விரிந்தது. பருவத் தொடக்கத்தில் சரியாக இருந்த காலணி, பருவம் முடியும் முன்னரே தொளதொளத்துப் போனது.

ஜோ ஹாலின் வேண்டுகோள்

பிராண்டனில் டாக்கபெரியின் அண்டை வீட்டுக்காரராக இருந்தவர் ஜோ ஹால் (1881 – 1919). இங்கிலாந்தில் பிறந்து, சிறு வயதிலேயே கனடாவுக்கு வந்த ஹால், முரட்டு ஆட்டத்துக்குப் பெயர்போன தற்காப்பு ஆட்டக்காரர் ஆவார். அவரது ஆட்டத்தின் வேகத்துக்கு எந்தக் காலணியும் ஒரு பருவம் முழுவதும் தாக்குப்பிடிக்கவில்லை. உழைக்கக்கூடியதும் காலை விட்டு விலகாததுமான காலணி ஒன்றைச் செய்து தருமாறு 1905 ஆம் ஆண்டளவில் அவர் டாக்கபெரியைக் கேட்டுக்கொண்டார்.

டாக்கபெரி இதற்குக் கங்காருத் தோலைத் தேர்ந்தெடுத்தார். அத்தோல் மெல்லியது, எடை குறைந்தது. ஆயினும் அதே தடிப்புள்ள மாட்டுத்தோலைவிட உறுதி மிக்கது, எளிதில் விரியாதது. காலணியின் விரற்பகுதியையும் குதிகாற் பகுதியையும் அவர் வலுப்படுத்தினார். உள்ளங்காலின் வளைவைத் தாங்கும்படி அடிப்பகுதியை அமைத்தார். மேற்பகுதியின் உயரத்தையும் குறைத்தார். ஹாலுக்கு அக்காலணி மன நிறைவளித்தது. அதைக் கண்ட பிற ஆட்டக்காரர்களும் டாக்கபெரியை நாடி வந்தனர். காலப்போக்கில் தேசிய ஹாக்கி கூட்டிணைவின் ஆட்டக்காரர் பலரும் இவரது காலணிகளை அணிந்தனர்.

பொருத்தத்தின் இன்றியமையாமை

சறுக்குக் காலணியில் அலகின் அகலம் சில மில்லிமீட்டர் மட்டுமே. உடலின் முழு எடையும் அதன் மேல் நிற்கிறது. ஆட்டக்காரர் கணுக்காலைச் சாய்த்தே திரும்புகிறார். குதிகால் காலணிக்குள் சற்று மேலெழுந்தாலும் அந்தச் சாய்வு அலகுக்கு முழுமையாகச் சென்று சேர்வதில்லை. இதனால் விசை வீணாகிறது. கால் உராய்ந்து கொப்புளம் உண்டாகிறது. கணுக்கால் பிசகவும் கூடும். அளவுக்கு மீறி இறுகிய காலணியோ பாதத்தை மரத்துப்போகச் செய்கிறது.

நன்கு பொருந்தும் காலணியை அறியச் சில அடையாளங்கள் உள்ளன. நிமிர்ந்து நிற்கையில் விரல் நுனிகள் காலணியின் முன்பகுதியை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடக்கும்போது பாதம் பின்னே சென்று, விரல்கள் சற்று விலக வேண்டும். குதிகால் அசையாமல் இருக்க வேண்டும். இதனால் சறுக்குக் காலணி, தெருவில் அணியும் காலணியைவிட ஓர் அளவோ ஒன்றரை அளவோ சிறியதாக அமைவது வழக்கம். தடித்த காலுறை அணிந்து பெரிய காலணியை நிரப்ப முயல்வது, புதிதாகப் பழகுவோர் பலர் செய்யும் தவறு ஆகும்.

ஜோ ஹாலின் மறைவு

ஹால், கியூபெக் புல்டாக்ஸ் அணியுடன் 1912, 1913 ஆம் ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பையை வென்றார். பின்னர் மொன்றியல் கனேடியன்ஸ் அணிக்காக ஆடினார். 1919 இல் சியாட்டில் நகரில் நடைபெற்ற கோப்பைக்கான இறுதித் தொடரின்போது, உலகெங்கும் பரவியிருந்த இன்புளுயென்சா அவரது அணியைத் தாக்கியது. தொடர் முடிவின்றிக் கைவிடப்பட்டது. ஹால் ஏப்ரல் 5 அன்று சியாட்டிலில் காலமானார். அப்போது அவருக்கு வயது 37. 1961 இல் ஹாக்கி புகழவையில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது.

டாக்ஸ் என்னும் பெயர்

நண்பருக்குப் பின் 18 ஆண்டுகள் வாழ்ந்த டாக்கபெரி 1937 இல் மறைந்தார். அதன் பின்னர் அவரது மனைவியிடமிருந்து காலணியின் உரிமையை சி.சி.எம். நிறுவனம் வாங்கியது. 1899 இல் மிதிவண்டி உற்பத்திக்காகத் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், அதற்கு முன்பே சறுக்கு அலகுகளைச் செய்து வந்தது. அதன் அலகும் டாக்கபெரியின் காலணியும் இணைந்த வடிவம் ஆட்டக்காரரிடையே நன்கு அறிமுகமாகியிருந்தது.

பிற்காலத்தில் கங்காருத் தோலின் இடத்தைச் செயற்கைப் பொருட்கள் பெற்றன. வெப்பமூட்டி, அணிபவரின் பாத வடிவுக்கேற்ப இறுக்கும் காலணிகள் வந்தன. சில காலம் வழக்கிலிருந்து நீங்கிய டாக்ஸ் என்னும் பெயரை அந்நிறுவனம் 2014 இல் மீண்டும் பயன்படுத்தத் தொடங்கியது. பொருளும் செய்முறையும் மாறினாலும், ஹால் தம் அண்டை வீட்டுக்காரரிடம் கேட்ட அதே தேவையையே இக்காலணிகளும் நிறைவு செய்கின்றன.