ஹளரமவ்த்தின் ஒளிவிளக்கு இமாம் அப்துல்லாஹ் அல்ஹத்தாத் (ரஹ்)



இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தினர் கலைந்து செல்வதற்கு முன், வட்டமாக அமர்ந்து ஹத்தாத் ராத்திபு ஓதும் வழக்கத்தைக் காயல்பட்டினத்திலும் மலபார்ப் பள்ளிவாசல்களிலும் நீங்கள் கண்டிருக்கலாம். நமது சேலம், நாமக்கல் சீமையில் அதை நாள்தோறும் ஓதுகிற வீடுகளும் உண்டு. பெயரை மட்டும் கேள்விப்பட்டிருக்கும் வீடுகளும் உண்டு. ஓதுகிறவர்களிலும் பலருக்கு, அந்த ஹத்தாத் என்பவர்கள் யார், எந்த மண்ணில் பிறந்தார்கள், எத்தகைய நெருக்கடியில் அந்தத் திக்ருகளைத் தொகுத்துத் தந்தார்கள் என்பது தெரிவதில்லை. கேட்டால், அரபு நாட்டுப் பெரியார் ஒருவர் என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். அரபு நாடு என்றதும் மக்கா, மதீனா, பக்தாத் ஆகிய மூன்று பெயர்களோடு நம் நினைவு நின்றுவிடுகிறது. அவற்றுக்கெல்லாம் தெற்கே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. நம் நாட்டுக் கடற்கரைகளுக்கு மார்க்கக் கல்வியைச் சுமந்து வந்தவர்களில் பலர் அங்கிருந்து புறப்பட்டவர்களே.

அதன் பெயர் ஹளரமவ்த். இன்றைய யமன் நாட்டின் கிழக்குப் பகுதியில் அது அமைந்துள்ளது. கடலோரத்தை விட்டு உள்ளே சென்றால் வறண்ட பீடபூமி; அதைப் பிளந்துகொண்டு கிழக்கு நோக்கி நீண்டு செல்கிறது அப்பள்ளத்தாக்கு. திருக்குர்ஆனின் 46ஆம் அத்தியாயத்திற்குப் பெயர் தந்த அல்அஹ்காஃப் என்னும் மணல்மேடுகள் ஹளரமவ்த்துக்கும் உமானுக்கும் இடையே உள்ளவை என்பது விரிவுரையாளர்கள் பலரின் கருத்து. ஆது கூட்டத்தாருக்கு அனுப்பப்பட்ட ஹூது நபி (அலை) அவர்களின் அடக்கத்தலம் என்று அவ்வூர் மக்கள் போற்றும் இடமும் அங்கேதான் இருக்கிறது. ஷஃபான் மாதத்தில் மக்கள் திரளாக அங்கு ஸியாரத்துக்குச் செல்வார்கள். பண்டைக் காலத்தில் லுபான் என்னும் நறும்பிசின் அப்பகுதியிலிருந்து ஒட்டகங்களில் ஏற்றப்பட்டு, ரோமாபுரி வரை சென்றது. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை தோறும் புகையும் சாம்பிராணிக்கு அது உறவு என்று கொள்ளலாம்.

அந்த மண்ணின் இயல்பை நமக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சரபங்கா நதியையும் திருமணிமுத்தாற்றையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடந்து, மலையில் மழை பெய்தால் மட்டும் பெருகி வரும் ஆறு எத்தகையது என்பது நமக்குத் தெரியும். ஹளரமவ்த்தின் ஆறும் அப்படியே, அதைவிடக் கடுமையாக. வரும் வெள்ளத்தை வரப்பு கட்டி வயலுக்குத் திருப்பிப் பேரீச்சையும் தானியமும் விளைவித்தார்கள். மற்ற நாட்களுக்குக் கிணறு. கட்டடம் எழுப்ப அவர்களுக்குக் கிடைத்தது களிமண்தான். வைக்கோல் கலந்து வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல்லால் ஷிபாம் நகரில் ஏழு, எட்டு மாடி வீடுகளைக் கட்டினார்கள். அந்நகரை 1982ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2008ஆம் ஆண்டு வெள்ளம் அப்பகுதியைப் பெரிதும் சேதப்படுத்தியது. யமனில் போர் மூண்டபின், 2015ல் ஷிபாம் ஆபத்திலிருக்கும் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மண் வீடு ஆண்டுதோறும் பூசி மெழுகினால்தான் நிற்கும். பூசுகிற கைகள் ஊரை விட்டுப் போய்விட்டால் அது சரிந்துவிடும்.

ஷிபாமுக்குக் கிழக்கே தரீம் நகரம் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பேரர் இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் வழித்தோன்றலான அஹ்மத் பின் ஈஸா என்னும் பெரியார், பஸராவில் குழப்பம் மிகுந்தபோது, ஹிஜ்ரி 317ல் (கி.பி. 929) குடும்பத்தோடு அவ்வூரைத் துறந்து, பின்னர் ஹளரமவ்த்தை வந்தடைந்தார்கள். ஆகவே முஹாஜிர் என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்தது. அவர்களுடைய பேரர் அலவீ என்பவரின் பெயரால் அவ்வமிசத்தார் பா அலவீ என்று அழைக்கப்படலாயினர். ஹிஜ்ரி 653ல் மறைந்த அல்ஃபகீஹுல் முகத்தம் முஹம்மது பின் அலீ (ரஹ்) அவர்கள் தம் வாளை முறித்துப் போட்டு, இனி எம் வழி கல்வியும் ஞானமும்தான் என்று அறிவித்ததாக வரலாறு. ஆயுதம் ஏந்தாதவன் மனிதனே அல்லன் என்று எண்ணிய கோத்திரங்களின் நடுவே இது நடந்தது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் வரப்போகிற சம்பவத்துக்கு இது தேவைப்படும்.

இந்த வமிசத்தில், தரீமின் புறநகரான ஸுபைரில், ஹிஜ்ரி 1044 ஸபர் மாதம் 5ஆம் நாள் (கி.பி. 1634) பிறந்தார்கள் ஸய்யித் அப்துல்லாஹ் பின் அலவீ (ரஹ்) அவர்கள். ஹத்தாத் என்றால் கொல்லர் என்று பொருள். அவர்கள் கொல்லர் அல்லர். அவர்களது முன்னோர் ஒருவர் கொல்லுப்பட்டறையில் போய் உட்கார்ந்திருப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். ஊரார் அவருக்கு இட்ட பெயர் பரம்பரைக்கே நிலைத்துவிட்டது. கஞ்சமலை இரும்பை உருக்கிய சீமையில் வாழும் நமக்கு இந்தப் பெயர் அந்நியமாகத் தோன்றாது. நபிகளாரின் வழித்தோன்றல்கள் ஒரு தொழிலாளியின் பெயரைச் சுமந்து நடப்பதில் இழிவு காணவில்லை என்பதைக் குலப் பெருமை பேசுவோர் கவனிக்க வேண்டும்.

நான்கு வயது நிறைவதற்குள் வைசூரி கண்டது. உயிர் தப்பியது, இரு கண்களும் போயின.

பார்வையற்ற குழந்தையை இரக்கத்தோடு மூலையில் உட்கார வைப்பது உலக வழக்கம். தரீமில் அவ்வாறு நடக்கவில்லை. அந்தச் சிறுவர் குர்ஆனைச் செவிவழியே மனனம் செய்தார்கள். பிறகு ஃபிக்ஹு நூல்களையும் அவ்வாறே. காலைப் பாடம் முடிந்ததும் பள்ளிவாசல்களுக்குச் சென்று நூறு, இருநூறு ரக்அத்துகள் தொழுவார்கள் என்று அவர்களது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகிறார்கள். ஏடும் எழுத்தும் இல்லாமல் ஒரு ஷாஃபிஈ மத்ஹபு அறிஞர் உருவாக முடியுமா என்று இன்று நாம் வியக்கலாம். கல்வி என்பது ஆசிரியரின் வாயிலிருந்து மாணவரின் நெஞ்சுக்குச் செல்வது என்று இருந்த ஊரில் அது முடிந்தது. ஹுரைளாவில் வாழ்ந்த ஸய்யித் உமர் அல்அத்தாஸ் (ரஹ்) அவர்களின் தொடர்பு அவர்களை மிகவும் செம்மைப்படுத்தியது. அந்தப் பெரியாரும் ஒரு ராத்திபு தொகுத்தவர்கள்தாம். அத்தாஸ் ராத்திபு என்ற பெயரில் அது வழங்குகிறது.

இனி, ராத்திபு பிறந்த கதைக்கு வருவோம். அக்காலத்தில் வட யமனை ஆண்ட ஸைதி இமாமின் படை ஹளரமவ்த்துக்குள் நுழைந்தது. ஸைதிகள் ஷீஆப் பிரிவினர். ஹளரமவ்த் மக்களோ ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் ஸுன்னத் வல்ஜமாஅத்தினர். ஆட்சி மாறினால் வரி மாறும், அதிகாரி மாறுவார். அவற்றை மக்கள் எப்படியோ தாங்கிக்கொள்வார்கள். தம் பிள்ளைகளின் கொள்கையும் வணக்கமுறையும் மாறிவிடுமோ என்பதே அவர்களைத் தூங்கவிடாத அச்சம். பனூ ஸஃது கோத்திரத்தைச் சேர்ந்த ஆமிர் என்னும் மாணவர், ஷிபாம் பக்கத்துக்காரர், இமாமிடம் வந்து, தம் ஊரார் கூடி ஓதி ஈமானைக் காத்துக்கொள்ள ஏதேனும் தொகுத்துத் தருமாறு வேண்டினார்.

இமாம் அவர்களுக்கு அப்போது வயது இருபத்தேழு. அவர்களிடம் படை கிடையாது. குடும்பத்தின் வாள் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே முறிக்கப்பட்டுவிட்டது. கொடுப்பதற்கு அவர்களிடம் இருந்தது நெஞ்சில் பதிந்த வேதமும் ஹதீஸும்தான். ஹிஜ்ரி 1071, ரமளான் மாதத்தில் (கி.பி. 1661) அவற்றிலிருந்து சின்னஞ்சிறு திக்ருகளாகத் தேர்ந்தெடுத்துக் கோத்துத் தந்தார்கள். சூரத்துல் ஃபாத்திஹா, ஆயத்துல் குர்ஸீ, சூரத்துல் பகராவின் இறுதி வசனங்கள். அதன் பின் தஸ்பீஹும் இஸ்திஃக்ஃபாரும் ஸலவாத்தும். பெரும்பாலும் மும்மூன்று முறை. முடிவில் கலிமாவை ஐம்பது தடவையோ நூறு தடவையோ மொழிய வேண்டும். கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். எழுத்தறியாத உழவனும், நாளெல்லாம் ஒட்டகத்தின் பின்னால் நடந்து களைத்தவனும், வீட்டிலிருக்கும் பெண்களும் சில நாட்களில் மனனம் செய்துகொள்ளலாம். அந்த எளிமையில்தான் அவர்களுடைய மதிநுட்பம் இருக்கிறது. ஸைதிகளை ஏசும் ஒரு சொல் அதில் இல்லை. எதிர்ப்பு என்றால் எதிரியின் பெயரைச் சொல்லித் தூற்றுவது என்று எண்ணுகிறோம். அவர்கள் ஊராரின் நாவில் அல்லாஹ்வின் பெயரை வைத்துவிட்டு அமைதியானார்கள். முதலில் ஆமிரின் ஊரில் ஓதப்பட்டது. பின்பு இமாமின் பள்ளிவாசலிலும் ஓதப்பட்டது. (இன்று நம்மில் சிலர் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் போல அதை ஓதுவதைக் கேட்கும்போது, கால்மணி நேரமும் நமக்குக் கனத்துவிட்டதோ என்று தோன்றுகிறது.)

மறு ஆண்டில் தந்தையார் மறைந்தார்கள். சில நாட்களில் தாயாரும் பின்தொடர்ந்தார்கள். ஹிஜ்ரி 1079ல் (கி.பி. 1669) ஹஜ்ஜுக்குச் சென்று, ஹரமைனின் அறிஞர்களால் மதிக்கப்பெற்று ஊர் திரும்பினார்கள். தரீமுக்கு வெளியே அல்ஹாவி என்னுமிடத்தில் வீடும் பள்ளிவாசலும் அமைத்துக்கொண்டு, எஞ்சிய காலத்தைப் போதனையில் கழித்தார்கள். ஸைதி ஆதிக்கம் நாளடைவில் தளர்ந்தது; ஆயினும் கோத்திரச் சண்டைகள் ஓயவில்லை. அந்தக் கலகங்களுக்கு நடுவிலேயே அவர்கள் நூல்கள் பிறந்தன.

நூல்கள் என்று சொன்னேன். எல்லாமே வாய்மொழியாகச் சொல்லப் பிறர் எழுதியவை. ரிஸாலத்துல் முஆவனா அவர்களது இருபத்தைந்து வயதையொட்டி உருவானது. அந்நஸாயிஹுத் தீனிய்யா ஹிஜ்ரி 1089ல் நிறைவுற்றது. மார்க்கக் கடமைகளைப் பாமரரும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் விரித்துரைப்பது. அறுபது வயதைக் கடந்தபின் ஸபீலுல் இத்திகார் என்னும் சிறுநூலை உரைத்தார்கள். ஆதம் நபியின் முதுகந்தண்டிலிருந்து தாயின் கருவறை வரை, பின் இவ்வுலகம், பின் கப்ரு, பின் மஹ்ஷர், இறுதியில் சுவர்க்கமோ நரகமோ என மனித வாழ்வை ஐந்து கட்டங்களாக அது பிரித்துக் காட்டுகிறது. என் கணிப்பில் அவர்களது நூல்களில் நெஞ்சை மிகவும் தைப்பது அதுவே. அத்தஃவதுத் தாம்மாவோ மக்களை எட்டு வகையினராகப் பகுத்து, அவரவர்க்கு உரியதைச் சொல்கிறது. ஆலிம்கள் முதல் வரிசையில் நிறுத்தி விசாரிக்கப்படுகிறார்கள். அரசர்கள், வணிகர்கள், கைத்தொழிலாளர்கள், ஏழைகள், பெண்கள், சிறுவர்கள் என்று யாரும் விடுபடவில்லை. தறியில் அமர்ந்திருக்கும் சேலத்து நெசவாளியும், நாமக்கல்லிலிருந்து வடநாடு வரை லாரி ஓட்டிச் செல்பவரும் தத்தமக்குரிய பக்கத்தை அதில் காண்பார்கள். கலைச்சொற்களைக் குவித்துப் புலமை காட்டும் நூல் ஒன்றையும் அவர்கள் எழுதவில்லை. அது இயலாமை அன்று. வேண்டாம் என்ற முடிவு.

ஹிஜ்ரி 1132 துல்கஃதா 7ஆம் நாள் (கி.பி. 1720) அவர்கள் வஃபாத்தானார்கள். தரீமின் ஸன்பல் அடக்கத்தலத்தில் முன்னோர்களின் அருகே நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

ஹளரமவ்த்தின் மண் தன் பிள்ளைகள் அனைவருக்கும் சோறு போடப் போதாது. பருவக்காற்றை நம்பிப் பாய்மரக் கப்பலேறி, சிலர் ஜாவாவுக்குச் சென்றார்கள். சிலர் ஹைதராபாத் நிஜாமின் படையில் சேர்ந்தார்கள். அவர்களின் சந்ததியார் வாழும் பார்க்கஸ் பகுதி இன்றும் அங்கு உள்ளது. இமாமின் மறைவுக்கு 26 ஆண்டுகள் கழித்து, 1746ல், தரீமைச் சேர்ந்த ஸய்யித் ஷைகு அல்ஜிஃப்ரீ (ரஹ்) கள்ளிக்கோட்டையில் வந்திறங்கினார்கள். ஸாமூதிரி மன்னர் அவர்களை வரவேற்று ஆதரித்தார். அதன் பின் தரீமிலிருந்து இளைஞராக வந்த ஸய்யித் அலவீ (ரஹ்) அவர்களே, 1844ல் மறைந்து மம்புறத்தில் அடங்கியிருக்கும் மம்புறம் தங்ஙள். ஹத்தாத் ராத்திபு மலபாரில் வேரூன்றியது இத்தகைய ஸய்யித் குடும்பங்களால்தான். பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து வணிகத்துக்கும் ஓதவும் சென்று வந்த நம்மவர்களுக்கு அந்த ஓசை புதிதன்று. சிங்கப்பூரில் 1866ல் மறைந்த ஹபீப் நூஹ் (ரஹ்) அவர்களும் ஹளரமவ்த் வமிசத்தவர்களே. அங்குள்ள தமிழ் முஸ்லிம்கள் அவர்களது தர்காவுக்கு ஸியாரத் செய்து வருகிறார்கள்.

தரீமில் இன்றும் முஹ்ளார் பள்ளிவாசலின் மினாரா நிற்கிறது. 170 அடிக்கு மேல் உயரம், அதுவும் களிமண்தான். அங்குள்ள அஹ்காஃப் நூலகத்தில் ஆயிரக்கணக்கான கையெழுத்துப் பிரதிகள் பாதுகாக்கப்படுகின்றன. ராத்திபை ஓதுகிறவர்கள் அதன் முடிவில் சில ஃபாத்திஹாக்களை ஓதுவதைக் கவனித்திருப்பீர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பேரில் ஒன்று. வாளை முறித்த அல்ஃபகீஹுல் முகத்தம் பேரில் ஒன்று. ராத்திபைத் தொகுத்த அப்துல்லாஹ் பின் அலவீ அல்ஹத்தாத் பேரில் ஒன்று. பிறகு நம்மைப் பெற்றவர்களுக்கும் சேர்த்து.