கடன் கொடுத்தவர், பங்கு கொண்டவர்

ஒரு நிறுவனத்துக்குள் உரிமையாளரின் பணம் இரண்டு வழிகளில் நுழைகிறது. ஒன்று, பங்கு மூலதனம், மற்றொன்று, கடன். பங்காக வந்த பணத்துக்கு லாபம் இருந்தால்தான் ஈவுத்தொகை. நிறுவனம் நொடித்தால் அந்தப் பணமும் போய்விடும். கடனாக வந்த பணத்துக்கு லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வட்டி உண்டு. அசலைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் உண்டு. இந்த வேறுபாடு கணக்கேட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது என்பதோடு முடிந்துவிடுவதில்லை. நட்டம் யார் தலையில் விழும் என்பதைத் தீர்மானிப்பது இதுதான்.

உலகின் பெரும் செல்வந்தர்கள் இன்று இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்களில் கோடிக்கணக்கான பவுண்டுகளைக் கொட்டுகிறார்கள். அந்தப் பணம் பங்கா, கடனா என்ற விவாதம் அண்மைக்காலத்தில் சூடு பிடித்திருக்கிறது. ஆனால், இந்த விவாதத்துக்கு 130 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் தொடக்கத்தில் நிற்கும் மனிதரின் பெயர் ஜான் ஹோல்டிங்.

1833-ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர் ஹோல்டிங். மதுபான ஆலையொன்றில் வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, பின்னர் சொந்தமாக பீர் ஆலை தொடங்கினார். துறைமுகத்தால் செழித்த நகரம். உழைப்பாளர் கூட்டம் பெருகிக்கொண்டிருந்த காலம். தொழில் வளர்ந்தது. கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் நகர மன்றத்துக்குள் நுழைந்தார். அவர் வாழ்ந்த எவர்டன் பகுதியில் அவருக்கிருந்த செல்வாக்கைக் கண்டு, மக்கள் அவரை 'எவர்டன் அரசர்' என்றே அழைத்தனர்.

அந்தப் பகுதியில் செயின்ட் டொமிங்கோ என்ற மெதடிஸ்ட் தேவாலயத்தைச் சேர்ந்த இளைஞர்கள் 1878-இல் ஒரு கால்பந்துக் குழுவைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அது எவர்டன் கால்பந்துக் கழகம் என்று பெயர் மாறியது. ஸ்டேன்லி பூங்காவின் பொதுவெளியில் ஆடிவந்த அக்குழுவின் ஆட்டங்களைக் காணக் கூட்டம் கூடத் தொடங்கியதும், வேலி அடைத்த, கட்டணம் வசூலிக்கக்கூடிய மைதானம் தேவைப்பட்டது. பிரயரி சாலையில் கிடைத்த இடம் ஒரு பருவத்துக்கு மேல் நிலைக்கவில்லை. கழகத்தின் தலைவராக இருந்த ஹோல்டிங், தம்மைப் போலவே மதுபானத் தொழிலில் இருந்த ஆரல் என்பவரிடம் பேசி, 1884-இல் ஆன்ஃபீல்ட் மைதானத்தைப் பெற்றுத் தந்தார். சிறிய வாடகையும், உள்ளூர் மருத்துவமனைக்கு ஆண்டுதோறும் ஒரு நன்கொடையும்தான் அப்போதைய நிபந்தனை.

மறு ஆண்டு ஹோல்டிங் அந்த நிலத்தைத் தாமே விலைக்கு வாங்கினார். சிக்கலின் விதை அங்கேதான் விழுந்தது. அவர் கழகத்தின் தலைவர். அதே கழகத்துக்கு நிலத்தை வாடகைக்கு விட்டவரும் அவரே. பார்வையாளர் மாடங்கள் முதலியவற்றுக்குத் தேவைப்பட்டபோது பணம் கொடுத்து உதவியவரும் அவரே. அதற்கு வட்டி பெற்றவரும் அவரே. மைதானத்தில் பானங்களை விற்கும் உரிமை அவருக்குத்தான். ஆட்டக்காரர்கள் உடைமாற்றிக்கொண்டதும், நிர்வாகக் குழு கூடியதும் அவருக்குச் சொந்தமான சான்டன் விடுதியில்தான். ஒப்பந்தத்தின் இரு பக்கங்களிலும் ஒரே மனிதர் அமர்ந்திருந்தார்.

1885-இல் ஆண்டுக்கு 100 பவுண்டாக இருந்த வாடகை, 1889-90-இல் 250 பவுண்டாக உயர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் கழகமும் வளர்ந்திருந்தது. 1888-இல் தொடங்கப்பட்ட கால்பந்து லீக்கின் 12 நிறுவன உறுப்பினர்களில் எவர்டனும் ஒன்று. 1890-91 பருவத்தில் அது லீக் பட்டத்தை வென்றது. மைதானத்தின் மதிப்பு கூடியதற்குக் காரணம் ஆட்டக்காரர்களும் ரசிகர்களும். அந்த மதிப்பு வாடகையாகச் சென்று சேர்ந்ததோ நில உரிமையாளரிடம். டேவிட் ரிக்கார்டோவின் வாடகைக் கோட்பாட்டை மாணவர்களுக்கு விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பட்டம் வென்ற அதே 1891-இல் பிரச்னை முற்றியது. மைதானத்தை ஒட்டிய நிலம் ஆரலுக்குச் சொந்தமாக இருந்தது. அங்கே பாதை அமைக்கும் உரிமையை அவர் வலியுறுத்தினார். அந்த இடத்திலோ ஏற்கெனவே பார்வையாளர் மாடம் எழும்பியிருந்தது. ஹோல்டிங் ஒரு தீர்வை முன்வைத்தார். கழகத்தை வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய நிறுவனமாக மாற்றலாம். பங்குகளை விற்று மூலதனம் திரட்டலாம். அந்தப் பணத்தில் தமது நிலத்தையும் ஆரலின் நிலத்தையும் வாங்கிக்கொள்ளலாம் என்பதே அத்திட்டம்.

கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் யோசனைதான். ஆனால், உறுப்பினர்கள் அதில் வேறொன்றைக் கண்டார்கள். பங்கு விற்றுத் திரட்டப்படும் தொகையின் பெரும்பகுதி நிலத்தின் விலையாக ஹோல்டிங்கின் கைக்கே திரும்பப் போகும். கடன் கொடுத்தவரும் நிலச் சொந்தக்காரரும் முழுத் தொகையுடன் ஒதுங்கிக்கொள்ள, வருங்கால நட்டத்தின் பொறுப்பு மட்டும் புதிய பங்குதாரர்களுக்கு வந்து சேரும். நிலத்தின் விலையை நிர்ணயிப்பதில் தலைவரின் நலனும் கழகத்தின் நலனும் நேர் எதிராக நிற்கும்போது, கழகத்துக்காக யார் பேரம் பேசுவது?

எதிர்ப்புக்குப் பணம் மட்டுமே காரணமன்று. எவர்டன், தேவாலயத்தில் பிறந்த கழகம். அதன் நிர்வாகிகளில் மதுவிலக்கை ஆதரித்தவர்கள் இருந்தார்கள்; பீர் ஆலை முதலாளியின் பிடியிலிருந்து கழகம் விடுபட வேண்டும் என அவர்கள் விரும்பினார்கள். அரசியலும் கலந்திருந்தது. எதிரணியின் தலைவரான ஜார்ஜ் மேஹன் லிபரல் கட்சிக்காரர், மெதடிஸ்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், தொழிலால் கணக்காளர். ஹோல்டிங்கின் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர் என்பது இங்கே முக்கியம்.

ஹோல்டிங்கின் தரப்பிலும் நியாயம் இருந்தது. கழகத்தைக் கண்டு வேறு எவரும் பணம் தர முன்வராத நாளில் பணம் தந்தவர் அவர். நிலத்தில் போட்ட முதலுக்கு வருவாய் எதிர்பார்ப்பது குற்றமாகாது. கழகம் தோற்றுப்போயிருந்தால் வாடகை பாக்கியும் திரும்பாத கடனும்தான் அவருக்கு மிஞ்சியிருக்கும். அவரைப் பேராசைக்காரராக மட்டுமே சித்திரிப்பது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது.

1892 ஜனவரி 25 அன்று கூடிய உறுப்பினர் கூட்டத்தில் விவகாரம் முடிவுக்கு வந்தது. ஆன்ஃபீல்டை விட்டால் வேறு இடம் ஏது என்று எழுந்த கேள்விக்கு, ஸ்டேன்லி பூங்காவின் மறுபுறத்தில் உள்ள ஓர் இடத்துக்கான உரிமைப் பத்திரம் தம் சட்டைப்பையிலேயே இருப்பதாக மேஹன் பதிலளித்தார். உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் அவர் பின்னே சென்றனர். குழுவில் இருந்த மருத்துவர் ஜேம்ஸ் பாக்ஸ்டர் புதிய மைதானத்துக்காக 1,000 பவுண்டை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தார். கழகம் நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டு, ஒரு பவுண்டு மதிப்புள்ள சிறு பங்குகள் உறுப்பினர்களிடையே பரவலாக்கப்பட்டன. 1892 ஆகஸ்ட் 24 அன்று குடிசன் பார்க் மைதானம் திறக்கப்பட்டது.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். பங்கு நிறுவனம் என்ற ஹோல்டிங்கின் யோசனையை எதிர்த்தவர்கள், தாங்களும் பங்கு நிறுவனமாகவே மாறினார்கள். அவர்கள் வெறுத்தது பங்கு முறையை அன்று. பங்கும் கடனும் நிலமும் ஒரே கையில் குவிவதைத்தான்.

ஹோல்டிங்கிடம் மிஞ்சியது மைதானம் மட்டும். ஆட்டக்காரர்கள் இல்லை, ரசிகர்கள் இல்லை. எவர்டன் என்ற பெயரையாவது தக்கவைத்துக்கொள்ள அவர் முயன்றார். அந்தப் பெயரில் ஒரு நிறுவனத்தைப் பதிவும் செய்தார். ஆனால், பெயர் பெரும்பான்மை உறுப்பினர்களுக்கே உரியது என்று கால்பந்து அமைப்புகள் முடிவு செய்தன. வேறு ஒருவராக இருந்தால் நிலத்தை வீட்டு மனைகளாகப் பிரித்து விற்றிருப்பார். ஹோல்டிங்கோ 1892 மார்ச் 15 அன்று புதிய கழகமொன்றைத் தொடங்கினார். ஒரு பகுதியின் பெயர் மறுக்கப்பட்டதால் நகரத்தின் பெயரையே சூட்டினார். அவ்வாறு பிறந்ததுதான் லிவர்பூல் கால்பந்துக் கழகம்.

இம்முறை அவருடைய நிலை வேறு. அடுத்தவர் கழகத்துக்குக் கடன் கொடுப்பவராக அல்லாமல், தாம் உருவாக்கிய நிறுவனத்தின் முதன்மைப் பங்காளியாக அவர் நின்றார். கழகம் வீழ்ந்தால் முதலில் இழப்பவர் அவரே. ஜான் மெக்கென்னாவின் பொறுப்பில் ஸ்காட்லாந்திலிருந்து ஆட்டக்காரர்கள் திரட்டப்பட்டனர். 1892 செப்டம்பர் 1 அன்று ஆன்ஃபீல்டில் நடந்த முதல் ஆட்டத்தில் ராதர்ஹாம் டவுன் அணியை 7-1 என்ற கணக்கில் அவர்கள் வென்றார்கள். முதல் பருவத்தில் லங்காஷயர் லீக் பட்டம். அடுத்த பருவத்தில் கால்பந்து லீக்கின் இரண்டாம் பிரிவில் ஆடிய 28 ஆட்டங்களில் ஒன்றிலும் தோல்வியில்லை.

உயர்ந்த வேகத்திலேயே சரிவும் வந்தது. 1895-இல் முதல் பிரிவிலிருந்து கீழிறங்கி, மறு ஆண்டே மீண்டும் ஏறியது கழகம். இத்தகைய ஏற்ற இறக்கம்தான் கால்பந்துத் தொழிலின் இயல்பு. ஆட்டக்காரர்களின் ஊதியம் நிலையான செலவு. வருவாயோ வெற்றியைப் பொறுத்தது. இத்தொழிலுக்கு நிலையான வட்டியைக் கோரும் கடனைவிட, நல்ல காலத்தையும் கெட்ட காலத்தையும் சேர்ந்தே தாங்கும் பங்கு மூலதனம் பொருத்தமானது.

அந்நாளைய கால்பந்துச் சங்கம் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. 1890-களிலேயே கழகங்களின் ஈவுத்தொகைக்கு 5 சதவீதம் என்ற உச்சவரம்பை அது விதித்தது. இயக்குநர்கள் ஊதியம் பெறவும் தடை விதித்தது. கழகத்தில் பணம் போடலாம், அதைக் கறக்கக் கூடாது என்பதே அதன் உட்பொருள். ஆனால், பங்குக்குப் போட்ட அணை வாடகைக்கும் வட்டிக்கும் பொருந்தவில்லை.

1897-இல் ஹோல்டிங் லிவர்பூல் நகரின் லார்ட் மேயர் ஆனார். 1901 ஏப்ரலில் லிவர்பூல் கழகம் முதன்முறையாக லீக் பட்டத்தை வென்றதைக் காணும் பேறும் அவருக்கு வாய்த்தது. உடல் நலிந்து பிரான்ஸின் நீஸ் நகரப் பகுதியில் தங்கியிருந்தபோது, 1902 மார்ச் 17 அன்று காலமானார். ஆன்ஃபீல்டில் மட்டுமல்ல, அவரை வெளியேற்றிவிட்டுச் சென்ற எவர்டன் கழகத்தின் குடிசன் பார்க்கிலும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. பத்தாண்டுப் பகையை மரணம் கரைத்தது.

அவர் எழுப்பிய கேள்வி மட்டும் கரையவில்லை. 2007-இல் அமெரிக்கத் தொழிலதிபர்கள் இருவர் வங்கிக் கடன் பெற்று லிவர்பூலை வாங்கினார்கள். அந்தக் கடனின் சுமை கழகத்தை நெரித்தது; விவகாரம் லண்டன் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2010 அக்டோபரில் 30 கோடி பவுண்டுக்குக் கழகம் கைமாறியது. செல்சியின் உரிமையாளராயிருந்த ரோமன் அப்ரமோவிச் சுமார் 150 கோடி பவுண்டைக் கடனாகவே தந்திருந்தார். 2022-இல் பொருளாதாரத் தடை அவர்மீது பாய்ந்தபோது, அக்கடனைத் திருப்பிக் கேட்கமாட்டேன் என்று அவர் கூறியதால்தான் கழகம் தப்பியது. ஒரு கழகத்தின் உயிர் ஒரு மனிதரின் பெருந்தன்மையைச் சார்ந்து நிற்பது நல்ல நிதி ஏற்பாடு ஆகாது. 2024 டிசம்பரில் எவர்டன் கைமாறியபோது, முந்தைய உரிமையாளர் தந்திருந்த 40 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட கடன் பங்காக மாற்றப்பட்டது.

வட்டியில்லாமல் உரிமையாளர் தரும் கடன் கழகத்துக்கு உதவிதானே என்று கேட்கலாம். உதவிதான், ஆனால், அது அசலைத் திருப்பிக் கேட்கும் உரிமையுடன் வரும் உதவி. போட்டிக் கழகங்களுக்குக் கிடைக்காத மறைமுக மானியமும்கூட. அதனால்தான் 2024 நவம்பரில் பிரீமியர் லீக், பங்குதாரர் கடன்களுக்குச் சந்தை வட்டியைக் கணக்கிட வேண்டும் என்று தன் விதிகளைத் திருத்தியது.

ஹோல்டிங்கின் வாழ்க்கையிலிருந்து பெறத்தக்க பாடம் எளியது. கழகத்தின் பெயரும் புகழும் ரசிகர்களின் பற்றால் விளைந்தவை; அவற்றின்மேல் உரிமை கொண்டாடுபவர் நட்டத்திலும் பங்கேற்க வேண்டும். ஆகவே, உரிமையாளர் எத்தனை கோடி போட்டார் என்பதைவிட, அது பங்காக வந்ததா, கடனாக வந்ததா என்பதையே முதலில் கேட்க வேண்டும். 1892-இல் எவர்டன் உறுப்பினர்கள் கேட்ட கேள்வி அதுதான். அதைக் கேட்கும் உரிமை அவர்களிடம் வாக்காக இருந்தது. இன்றைய ரசிகர்களிடம் இருப்பதோ நுழைவுச்சீட்டு மட்டுமே.