பூமியின் உள்ளே எட்டிப் பார்த்தவர்

பூமியின் நடுவில் ஒரு கரு இருக்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். யாரும் உள்ளே போய்ப் பார்க்கலையே, எப்படித் தெரிந்தது? அதைக் காட்டியவர் நம் நாட்டில் வேலை பார்த்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம்.

1858-ல் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தார். அப்பா தாமஸ் ஓல்டாம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவர். 1879-ல் மகனும் அதே துறையில் சேர்ந்தார். அப்பா விட்டுப்போன 1869 கச்சார் நிலநடுக்க அறிக்கையைச் சரிபார்த்து வெளியிட்டார். என் அப்பா செங்கல் சூளைத் தொழிலாளி. எங்க வீட்டில் டிப்ளமோ படிக்க வந்த முதல் ஆள் நான்தான். ஓல்டாமுக்கு அப்பா போட்ட பாதை இருந்தது. ஆனால் அப்பா போகாத தூரத்துக்கும் அவர் போனார்.

1897 ஜூன் 12. அசாமில் பெரும் நிலநடுக்கம். ஷில்லாங்கில் கல் கட்டடங்கள் தரைமட்டம். சுமார் 1,500 பேர் இறந்தார்கள். பாறைக் கற்கள் மேலே தூக்கி எறியப்பட்டன. ஓல்டாமும் சக அலுவலர்களும் இடம் இடமாகப் பார்த்து எழுதிய அறிக்கை 1899-ல் வந்தது.

அதே அதிர்ச்சியை ஐரோப்பாவில் இருந்த கருவிகளும் பதிவு செய்திருந்தன. அந்தக் கோடுகளில் மூன்று வகை அலைகளை அவர் பிரித்துக் காட்டினார். முதலில் வருவது, கூட்ஸ் வண்டியில் இன்ஜின் இடித்தால் பெட்டிக்குப் பெட்டி இடி போகுமே, அதுபோல. அடுத்தது, உதறிய கயிறு போல் நெளிந்து வருவது. கடைசியில் வருவது தரையை ஒட்டியே வரும்.

1903-ல் உடல்நலம் கெட்டு ஓய்வு பெற்றார். வேலையை விடலை. பல நிலநடுக்கங்களின் பதிவுகளை வைத்துக் கணக்குப் போட்டார். பூமியின் மறுபக்கம் போன அலைகள் எதிர்பார்த்த நேரத்தைவிடத் தாமதமாக வந்தன. நடுவில் அலையை மெதுவாக்கும் வேறொரு பொருள் இருக்க வேண்டும் என்று 1906-ல் எழுதினார். அதுதான் கரு! அது சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது என்று பிறகு குட்டன்பர்க் கணக்கிட்டார்.

1936-ல் ஓல்டாம் காலமானார். ஷில்லாங் பீடபூமியின் வடக்கே பூமிக்கடியில் உள்ள ஒரு பிளவுக்கு இன்று அவர் பெயர்.

கும்மிடிப்பூண்டி பக்கம் வேலைக்குப் போகும் நண்பர்களே, வெல்டிங்குக்குள் இருக்கும் விரிசலை ஒலி அலை அனுப்பிக் கண்டுபிடிக்கிறோமே, அதுவும் இந்த வழிதான். லேப்பில் ஒத்துவராத ரீடிங் வந்தால் மாற்றி எழுதிடு என்று சீனியர்கள் சொல்வார்கள். தாமதமாக வந்த அலையை ஓல்டாம் அப்படி மாற்றியிருந்தால், கரு அவர் கண்ணில் பட்டிருக்காது!