அணைகளோடு வாழ்ந்த படைவீரர்: சர் ஆர்தர் காட்டன் (1803–1899)



கோடை வந்தால் தண்ணீர் லாரியையும், ஐப்பசி பிறந்தால் செம்பரம்பாக்கம் ஏரியின் மட்டத்தையும் பார்த்துக்கொண்டிருப்பது மாங்காட்டுக்காரர்களாகிய நமக்குப் பழகிவிட்டது. தண்ணீரைப் பற்றியே எழுபது ஆண்டுகளுக்கு மேல் சிந்தித்த ஒரு மனிதரை இந்த இதழில் நினைவுகூர்வோம்.

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803 மே 15 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். பதினொரு சகோதரர்களில் பத்தாமவர். பதினைந்து வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1821-ல் மதராஸ் பொறியாளர் படையின் இளம் அதிகாரியாகச் சென்னை வந்து இறங்கினார். பாம்பன் கால்வாயை அளந்து பார்க்கும் பணி அவர் முதலில் செய்தவற்றுள் ஒன்று. 1824-ல் மூண்ட முதல் பர்மியப் போருக்கும் சென்று வந்தார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது போர்க்களத்தால் அல்ல, ஆற்று மணலால்.

காவிரிக்குக் கிடைத்த உயிர்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் அதிகம். அதனால் வெள்ளம் முழுக்க அந்தப் பக்கமே ஓடி வீணாகக் கடலில் கலந்தது. காவிரியில் மணல் மேடிட்டு, தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் குறைந்துகொண்டே போனது. கொள்ளிடத்தின் தலைப்பில் தடுப்பணை கட்டுவதுதான் வழி என்று காட்டன் கண்டார். ஆனால் அங்கே தோண்டத் தோண்ட மணல்தான், பாறையே இல்லை. அதில் எப்படி அஸ்திவாரம் போடுவது?

விடை கல்லணையில் இருந்தது. பல நூற்றாண்டுகளாக மணலின் மேலேயே நிற்கும் அந்த அணையை ஆராய்ந்து, நம் முன்னோரின் முறையைக் கற்றுக்கொண்டார். கற்றது யாரிடம் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. 1836-ல் முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. பிறகு காவிரிக்குள் அளவுக்கு மேல் தண்ணீர் புகுந்தபோது, அதன் தலைப்பிலும் ஒரு தடுப்பு தேவைப்பட்டது. ஆற்றைத் திருப்பினால் ஆறும் பதில் சொல்லும் என்பது அன்றே தெரிந்த பாடம்.

அதே காலத்தில் நமக்கு அருகிலுள்ள செங்குன்றத்திலும் அவர் கைவண்ணம் உண்டு. சென்னைச் சாலைகளுக்குச் செம்பாறைக் கல் கொண்டுவர, செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை 1837 வாக்கில் ஒரு சிறு ரயில் பாதை போடப்பட்டது. இந்தியாவின் முதல் ரயில் பாதை என்று கருதப்படுவது அதுதான்.

குடும்பமும் கோதாவரியும்

காய்ச்சலாலும் ஓயாத உழைப்பாலும் உடல் நலம் குன்றி, நீண்ட விடுப்பில் சென்றவர், 1841-ல் டாஸ்மேனியாவில் எலிசபெத் லியர்மந்தை மணந்தார். மறு ஆண்டு மகள் பிறந்தாள். பின்னர் ஒரு மகன். கோதாவரிக் கரையில் தவளேசுவரத்தில் குடும்பத்தோடு தங்கி, 1847 முதல் 1852 வரை அங்கே பெரிய அணையைக் கட்டினார். 1830-களின் பஞ்சத்தில் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்த அந்த மாவட்டம், பின்னாளில் நெற்களஞ்சியமாயிற்று.

காட்டன் ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர். வேதாகமமும் ஜெபமும் அவர் வீட்டின் அன்றாடம். பசித்தவருக்குத் தண்ணீரும் சோறும் கிடைக்கச் செய்வது தம் கடமை என்று அவர் எண்ணியதற்கு அந்த விசுவாசமும் ஒரு காரணம். அந்த நம்பிக்கை மகளிடமும் தொடர்ந்தது. லேடி ஹோப் என்று அறியப்பட்ட அவர், நற்செய்திப் பணியும் மதுவிலக்குப் பணியும் செய்தார். தந்தையின் வாழ்க்கை வரலாற்றை 1900-ல் நூலாக வெளியிட்டவரும் அவரே.

கேட்கப்படாத குரல்

அவர் கம்பெனியின் அதிகாரி என்பதை மறக்க வேண்டியதில்லை. பாசனம் பெருகினால் வரி வசூலும் பெருகும் என்ற கணக்கைக் காட்டித்தான் அணைகளுக்குப் பணம் வாங்க முடிந்தது. ஆனாலும் ரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்களுக்குக் கொடுங்கள், நதிகளை இணையுங்கள் என்று மேலதிகாரிகளோடு ஓயாமல் வாதாடினார். 1876–78 பெரும் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். 1878-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன், எழுபத்தைந்து வயதில் காட்டன் சாட்சி சொன்னார். குழு அவர் பக்கம் சாயவில்லை.

அதற்காக அவர் சோர்ந்துவிடவும் இல்லை. டார்க்கிங் நகரில் மனைவி மக்களோடு ஓய்வுக்காலத்தைக் கழித்தபோதும், நிலத்தை ஆழமாகக் கொத்திக் கோதுமை விளைவித்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். 1899 ஜூலை 24 அன்று, 96-வது வயதில் மறைந்தார். தவளேசுவரத்தில் இன்று அவருக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. கோதாவரியில் நீராடி சங்கல்பம் செய்யும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அங்கே உண்டு என்பார்கள். வேற்று மதத்தவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன?

நமக்கும் அவருக்கும்

கீழணையில் தேங்கும் தண்ணீர் வடவாறு வழியே வீராணம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து, 2004 முதல் நம் பக்கத்துப் போரூர் நீரேற்று நிலையத்துக்கு வருகிறது. ஆக, 1836-ல் கட்டிய அணையின் பயன் நம் வாசல் வரை நீள்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. 182 ஆண்டுகள் நின்ற அணை அது. கட்டியவர் கடமை கட்டியதோடு முடிந்தது. பராமரிப்பது பின்னால் வருபவர்களின் கடமை. நம் வளாகத்தின் மழைநீர் சேகரிப்புத் தொட்டிகளுக்கும் அதே விதிதான். மழைக்கு முன் அவற்றைத் தூர்வாரும் நாளில், ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் நாலு பேராவது கைகொடுக்க வாருங்கள்.