காஞ்சியில் ஒரு விருந்து

காஞ்சி வரதராஜர் ஸந்நிதியில் நிற்போர் ஸ்ரீ ராமானுஜரை நினையாமல் திரும்புவதில்லை. 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த அம்மகான், இளமையில் இந்நகரில் வசித்து, சாலைக் கிணற்றிலிருந்து பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்தார் என்பது வைஷ்ணவ மரபு.

அந்நாளில் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் புரிந்தவர் பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள். அவர் அந்தணரல்லர். எனினும் அவரையே ஆசாரியராகக் கொள்ள விரும்பிய ராமானுஜர், அவர் உண்ட மிச்சத்தைப் பிரசாதமாகப் பெறக் கருதி விருந்துக்கு அழைத்தார். அவரைத் தேடி ராமானுஜர் வெளியே சென்ற சமயம், நம்பிகள் வேறு வழியே வந்து உண்டு சென்றார். ராமானுஜருடைய தர்மபத்தினியோ மிச்சத்தை எறிந்து, இடத்தை மெழுகி, நீராடி, மறுபடியும் சமைத்திருந்தார். ராமானுஜர் மனம் புண்பட்டார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. பின்னர் அவர் துறவு பூண்டார். மேல்கோட்டையில், தீண்டாதார் எனப்பட்டோரைத் திருக்குலத்தார் என அழைத்து, ஆண்டில் சில நாட்கள் ஆலயப் பிரவேசம் அளித்தார் என்பர்.

சென்னை மாகாண ஆலயங்களை அனைவர்க்கும் திறக்கும் சட்டமோ 1947-இல்தான் வந்தது. ஒருவரையும் பின்தங்க விடலாகாதென்று ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் தீர்மானித்தது. தீர்மானம் நன்றே. ஆனால் அன்று காஞ்சியில் நம்பிகளுக்கு அன்னம் குறையவில்லை, மரியாதையே குறைந்தது. ராமானுஜர் அவரை நாடியது பெறுவதற்காக. கொடுப்பதற்கென்றே புறப்படும் நாம் இதனை எண்ணிப் பார்ப்போமாக.